விருந்தாளி வந்தால் குணமாகும் மெஷின்

கல்முனை பஸார் வீதியில் கைத்தறிச் சாரன் கடை வைத்திருக்கும் நூஹுவுக்குத் துப்பறிவதுதான் தன் உண்மையான தொழில் என்று ஓர் எண்ணம். சாரன் விற்பதெல்லாம் வயிற்றுக்காக. இதில் சின்னதாக ஒரு சிக்கல் இருந்தது. துப்பறிவது அவரல்ல, அவருடைய மனைவி றாஹிலா.

றாஹிலா ஆய்வுகூடக் கருவிகளைத் திருத்தும் பொறியியலாளர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை எந்தப் பரிசோதனைக்கூடத்தில் எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் ஆள் தேடி வருவது அவரிடம்தான். ஆள் வந்தவுடன் நூஹு கடையைச் சாத்திவிட்டு முச்சக்கரவண்டியை எடுத்துவிடுவார். "உங்கட டிறைவர் வந்திட்டாரா?" என்று யாராவது றாஹிலாவிடம் கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க மனிசனுக்குச் சோறு இறங்காது. "நான் அசிஸ்டன்" என்பார், கழுத்தை நீட்டிக்கொண்டு.

ஒரு திங்கட்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, ஹிஷாம் கடைக்குள் நுழைந்தார். பிரதான வீதியில் ஒரு மாடியில் தனியார் எண்ணெய்ப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறவர். சாய்ந்தமருதில் பிறந்து மருதமுனையில் கல்யாணம் முடித்தவர். காசு என்றால் கையை இறுக்கிப் பிடிப்பதில் இரண்டு ஊரிலும் பேர் போனவர். நூஹு தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பப் போனார்.

"வேணாம் காக்கா. நோன்பு," என்றார் ஹிஷாம், சாரன் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படியாக. "திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு. டொக்டர் சீனி கூடிட்டெண்டார், பொஞ்சாதி நோன்பு பிடியெண்டா. ஒரே பட்டினியில உடம்பும் சரி, குடும்பமும் சரி, மறுமையும் சரி."

பின்பக்கத்து அறையிலிருந்து றாஹிலா வந்து கதிரையில் உட்கார்ந்தார். "என்ன மெஷின்?"

"ஜீ.ஸீ. றாத்தா. கேஸ் குரோமடோகிராஃப். கொழும்புல ஒரு கம்பனி கழிச்ச பழசு. தேங்காய் எண்ணெய்யில கலப்படம் இரிக்கா எண்டு பார்க்கிற. ரெண்டு மாசமா அதுட ஓவன் சூடேறுதில்ல. கொழும்பிலரிந்து இஞ்சினியர எடுப்பிச்சன். அவன் வந்து நிண்டா மெஷின் தங்கம். அவன் பஸ் ஏறினா மறுகா பழைய குணம். ஒருத்தன் ஹீட்டர மாத்தினான், சரிவரல்ல. இன்னொருத்தன் போர்ட மாத்தினான், அதுவும் சரிவரல்ல. மெஷினுக்கு ஆள் தெரியுது றாத்தா!"

"மெஷினுக்கு ஆள் தெரியாது," என்றார் றாஹிலா.

"அப்ப அந்தப் புள்ளட கைதான் பிழை. மர்ஷூதா எண்டு ஒரு புள்ள அதுல வேலை செய்யிற. ஓவன் கதவச் சரியா மூடுறல்ல போல. வியாழக்கிழமை பழைய இரும்புக்காரன் லொறி கொண்டு வாறான். மெஷின் போனா அந்தப் புள்ளைக்கும் வேலை இல்லத்தானே? அதுக்கு முன்ன ஒருக்கா நீங்க வந்து பார்த்தா..."

"நாளைக்குக் காலையில வாறம்," என்றார் நூஹு, கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டதுபோல.

பரிசோதனைக்கூடம் ஒரு காலத்தில் அடகுக்கடையாக இருந்த மாடி. ஹிஷாமின் அறைக்கும் மெஷின் அறைக்கும் நடுச்சுவரில், நகையும் காசும் கைமாறிய சின்ன யன்னல் இன்னும் இருந்தது. மெஷின் மேசையை அந்தச் சுவரோரமாக, ஒரு முழம் இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் அறிவித்தல். மின்சாரக் கேத்தில், சோறு சூடாக்கும் அடுப்பு, ஒன்றும் இங்கே பாவிக்கக் கூடாது. கீழே ஹிஷாமின் கையெழுத்து.

"கரண்ட் பில் கூடினதிலரிந்து இந்தச் சட்டம் மிஸ்," என்றார் தம்பிமுத்து. நற்பிட்டிமுனையிலிருந்து வந்து எண்ணெய்ப் போத்தல்களை வாங்கி அடுக்குகிற வேலை அவருக்கு. "ரெண்டு மாசமா ஒரு பிளேன்டி குடிக்கவும் றோட்டுக்கு இறங்க வேண்டிக் கிடக்கு."

ஹிஷாம் வாசலுக்கே வந்து வரவேற்றார். கையிறுக்கம் எல்லாம் சும்மா நாளில்தான். விருந்தாளி என்று ஒரு முகம் படியேறிவிட்டால் மனிசன் வேறு ஆள். றாஹிலா கைப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, அவர் வீட்டுக்கு ஃபோன் எடுத்துவிட்டார். "இண்டைக்கு எனக்குச் சோறு அனுப்ப வேணாம். விருந்தாளிகள் வந்திரிக்காங்க. புரியாணிக்குச் சொல்லிட்டன்."

நூஹுவுக்கு வழக்கில் பாதி அப்போதே முடிந்துவிட்ட திருப்தி வந்தது.

மர்ஷூதா மெஷினுக்கு முன்னால் நின்றாள். மருதமுனைப் பெண், கம்பஸ் படிப்பு முடித்த கையோடு இங்கே சேர்ந்தவள். அழுது கண் சிவந்திருந்தாலும் வேலையைப் பற்றிப் பேசும்போது குரல் தெளிவாக இருந்தது. எண்ணெயில் ஒரு துளி ஆவியாகி, ஓவனுக்குள் சுருண்டு கிடக்கிற மயிர்போன்ற நீளக் குழாய்க்குள்ளால் ஓடும்; சூடு படிப்படியாக ஏற ஏற, எண்ணெயில் கலந்திருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும் என்று நூஹுவுக்கு விளங்கப்படுத்தினாள்.

"கல்முனையில பஸ் ஏறின சனம் காரைதீவு, நிந்தவூர், ஒலுவிலெண்டு ஒவ்வொருத்தரா இறங்குற மாதிரி," என்றார் நூஹு.

"ஓம் மாமா. சூடு ஏறல்லெண்டா பஸ் நடுவழியில நிண்ட மாதிரி, ஒருத்தரும் இறங்க மாட்டாங்க." அவள் றாஹிலாவின் பக்கம் திரும்பினாள். "நான் கதவ மூடித்தான் வைக்கிறன் மிஸ். ஒவ்வொரு தரமும் தள்ளிப் பார்க்கிறன். சேர் நம்புறாரில்ல. இந்த வேலை போனா ஊட்ட கொழும்புக்கு விடவும் மாட்டாங்க. படிச்ச படிப்ப அடுப்படியில வெச்சிட்டு இரிக்க வேண்டியதுதான்."

"அழாதீங்க மகள். எப்பெப்ப பிழைக்குது?"

"காலையில மட்டும். பத்து மணிக்குப் புறகு தொடங்கும். இருநூத்தி இருபதுக்கு ஏறச் சொன்னா நூத்தி அறுபதோட நிக்கும். மறுகா சத்தம் போட்டுத் தானா நிண்டிடும். பகல் சாப்பாட்டுக்குப் புறகு ஒரு குறையுமில்ல. திங்களும் வியாழனும் காலையிலயும் நல்லா ஓடும். போன வியாழன் மட்டும் ஓடல்ல."

"திங்களும் வியாழனும்!" நூஹு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஜின்! நாம செஞ்ச அமல்கள் அல்லாஹ்ட்ட உயர்த்தப்படுற நாள் அது. அந்த நாளையில கெட்ட ஜின் கிட்ட வராது."

"போன வியாழன் வந்திரிக்கே?" என்றார் றாஹிலா.

"அண்டைக்கு ஓவர்டைமாக்கும்."

றாஹிலா மெஷினை ஓடவிட்டார். பத்து மணி போனது, பதினொரு மணியும் போனது. இருநூற்றி இருபது என்றால் இருநூற்றி இருபது, பள்ளிக்குப் போகிற நல்ல பிள்ளைபோல ஏறி நின்றது. ஹிஷாம் தலையை ஆட்டினார். மர்ஷூதா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். குற்றம் சாட்டப்பட்ட மெஷினே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது, பாவம்.

மெஷினை ஆறவிட்டு, மேசையை நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டு மூடி. ஓவன் சூடேறும்போது அது ஸ்பிரிங்கில் மூடிக் கிடக்கும். ஆறும்போது திறந்து வெக்கையை வெளியே ஊதும். அதன் ஓரத்தில் ஒரே ஓர் இடம் உரசிப் பளபளத்தது. யன்னல் விளிம்பில் மஞ்சளாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. நிலத்தில், தூசிக்குள், விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை கிடந்தது. நூஹு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தறியில நூல் சுத்துற கட்டை. ஊட்டுக்கு ஊடு தறி ஓடுற மருதமுனைச் சாமான். சாரன் விக்கிறவனுக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு, மருதமுனைப் பெண்ணை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

றாஹிலா கட்டையை வாங்கி, மூடியின் பளபளத்த ஓரத்தில் வைத்துப் பார்த்தார். தம்பிமுத்துவிடம் கேட்டார்: "இந்த மாடிக்கு வெளியாக்கள் ஆரும் வாறதா?"

"ஆரும் இல்ல மிஸ். ஒரு பூனைதான். பத்து மணிக்கு வந்து சேர்ட கதவடியில குந்தும். இண்டைக்குக் காணல்ல."

"திங்களும் வியாழனும் வருமா?"

தம்பிமுத்து தலையைச் சொறிந்தார். "நீங்க கேக்கக்குள்ளதான் விளங்குது. அந்த நாளையில வாறல்ல. போன வியாழன் மட்டும் வந்திச்சு. தண்ணி ஊத்தி விரட்டினன்."

"பூனை வயரக் கடிக்குது!" என்றார் நூஹு.

"கடிச்ச வயர் பகல் சாப்பாட்டுக்குப் புறகு தானா ஒட்டுமா?" என்று கேட்டார் றாஹிலா. நூஹு அந்தப் பூனையை மனமில்லாமல் விடுதலை செய்தார்.

புரியாணி வந்தது. ஹிஷாம் தன் கையாலேயே எல்லோருக்கும் அள்ளி வைத்தார். தம்பிமுத்துவுக்கு இரண்டு துண்டு இறைச்சி கூடவே வைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் றாஹிலா கைகழுவிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கும் வாறம். ஆனா நாளைக்கு எனக்கு றமழான்ல விட்ட கழா நோன்பு. இவருக்கும் சுன்னத்து நோன்பு. எங்களுக்கெண்டு ஒண்டும் சொல்ல வேணாம்."

நாளைக்குத் தனக்கு நோன்பு என்பது நூஹுவுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. வாயில் கடைசி இறைச்சித் துண்டு இருந்ததால் அவரால் ஆட்சேபிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் அவர் பொருமிக்கொண்டே ஓட்டினார். "நோன்பு எதுக்கு? கள்ளி அகப்பட்டாச்சு. கட்டை மருதமுனைக் கட்டை. புள்ளையும் மருதமுனைப் புள்ள."

"வேலை போகப் போகுதெண்டு அழுகிற புள்ள, அந்த வேலையத் தானே கெடுக்குமா?"

"நடிப்பு!"

"நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார் றாஹிலா.

"ஒலுவில். இதென்ன கேள்வி?"

"இப்ப எந்த ஊட்டுல இரிக்கீங்க?"

"கல்முனையில, உங்கட ஊட்டுல. கல்யாணம் முடிச்சா ஆம்பிள பொம்பிளட ஊட்டுக்குத்தானே போற?"

"ஓம்," என்றார் றாஹிலா. அதோடு கதை முடிந்தது. நூஹுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கியதுபோல ஹோர்ன் அடித்தார்.

புதன்கிழமை காலை ஹிஷாம் வாசலில் நின்று வருத்தப்பட்டார். "வந்த மனிசருக்கு ஒரு வாய்த் தண்ணியும் தர ஏலாமப் போச்சே." பத்து மணிக்கு மருதமுனையிலிருந்து அவருக்குச் சோறு வந்தது, எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பின்னாலேயே வாலை நிமிர்த்திக்கொண்டு பூனையும் படியேறி வந்து கதவடியில் குந்தியது. நூஹு அதை முறைத்துப் பார்த்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. பதினொரு மணி ஆகுமுன், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி றோட்டுக்கு இறங்கினார். சந்தித் தேத்தண்ணிக் கடையைத் தாண்டித்தான் டயருக்குப் போக வேண்டும் என்பது அவருடைய குற்றமல்ல. கடமையில்லாத சுன்னத்து நோன்பை இடையில் விட்டாலும் குற்றமில்லை என்று எங்கேயோ பள்ளிவாசல் பயானில் கேட்டதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்தது.

அவர் திரும்பி வந்தபோது மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

"நூத்தி அறுபது," என்றாள் மர்ஷூதா. "கதவ நீங்களே மூடினீங்க மிஸ். நான் தொடவே இல்ல."

"தெரியும் மகள். எல்லாரையும் கூப்பிடுங்க."

ஹிஷாமும் தம்பிமுத்துவும் வந்தார்கள். பூனையும் வந்தது. ஹிஷாமின் கதவடியை விட்டு எழும்பி, நூஹுவின் காலைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தது. துப்பறிகிற ஆளுக்குப் பூனையும் மரியாதை செய்கிறது என்று நினைத்து அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்த மெஷின் எப்ப பிழைக்குதெண்டு எல்லாரும் பார்த்தீங்க," என்று தொடங்கினார் றாஹிலா. "எப்ப பிழைக்கல்லெண்டு பார்க்கணும். திங்கள், வியாழன். இஞ்சினியர்மார் வந்த நாள். நேற்று, நான் வந்த நாள். இதுக்கெல்லாம் பொதுவா என்ன இரிக்கு?"

"மெஷினுக்கு ஆள் தெரி..." என்று தொடங்கினார் ஹிஷாம்.

"நோன்பு நாளையிலயும் விருந்தாளி வந்த நாளையிலயும் இந்த மாடிக்கு வராத சாமான் ஒண்டு இரிக்கு சேர். உங்கட ஊட்டுச் சோறு."

ஹிஷாம் தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"திங்களும் வியாழனும் உங்களுக்கு நோன்பு. ஆரும் வந்தா நீங்க கைநிறைய விருந்து வைப்பீங்க, அண்டைக்கும் ஊட்டுச் சோறு வாறல்ல. கொழும்பு இஞ்சினியர்மார் என்னத்தத் தேடி வந்தாங்களோ, அத நீங்க குடுத்த புரியாணி மறைச்சிட்டு. அதனாலதான் நான் நோன்பு பிடிச்சன். இந்த மாடியில அடுப்புத் தடை வந்தும் ரெண்டு மாசம், மெஷின் கெட்டும் ரெண்டு மாசம். காலையில வந்த சோறு பகலைக்கு ஆறிப்போகும். ஆறாம இரிக்க வெக்கை வேணும். வெக்கை எங்க இரிக்கு? இந்த மெஷினுக்குப் பின்னால. மேசைய இழுக்காம அங்க கை போற ஒரே வழி அந்த யன்னல். பூனை பத்து மணிக்கு மெஷினத் தேடி வாறல்ல, மீன் கறிய மணந்து வருது."

"அந்த மருதமுனைக் கட்டை?" என்று கேட்டார் நூஹு.

"மருதமுனையில பிறந்தவ ஒருத்தி இஞ்ச இரிக்கா. மருதமுனையில கல்யாணம் முடிச்சு, தறி ஓடுற ஊட்டுல இரிக்கிற ஆளும் ஒருத்தர் இரிக்கார். நேத்து வண்டியில கேட்டன், நீங்க ஹோர்ன் அடிச்சீங்க. போய் யன்னலத் திறங்க."

நூஹு ஓடிப்போய் ஹிஷாமின் அறைப் பக்கமிருந்து யன்னலைத் திறந்தார். விளிம்பில் வாழையிலைப் பார்சல் ஒன்று சொகுசாகக் குந்தியிருந்தது. அதற்கு நேரே மெஷினின் தகட்டு மூடி வாயைப் பிளந்து கிடந்தது, இடையில் இன்னொரு நூல்கட்டை செருகியபடி. ஓவனின் வெக்கை முழுக்கச் சோற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் கட்டைய உருவுங்க," என்றார் றாஹிலா.

டக்கென்று மூடி மூடிக்கொண்டது. மர்ஷூதா மெஷினைத் திரும்பவும் முடுக்கிவிட்டு எண்களை வாய்விட்டுப் படித்தாள். நூற்றி அறுபது. நூற்றி எழுபது. இருநூறு தாண்டியபோது அவள் குரல் கூரையில் இடித்தது. "இருநூத்தி இருபது! நிண்டிட்டு மிஸ்! அப்பிடியே நிக்குது!"

ஹிஷாம் கதிரையில் தொப்பென்று இருந்தார். "யா அல்லாஹ், நான் கெடுக்கணுமெண்டா செஞ்சன்? அவ்வளவு வெக்கையும் சும்மா வீணாப் போகுதே எண்டு மனசு கேக்கல்ல. வீண்விரயம் செய்யிறவன் ஷெய்த்தான்ட சகோதரனெண்டு ஓதிரிக்கம். அந்த மூடி திரும்பத் திரும்ப மூடுண்டிச்சு, அதான் கட்டையக் குடுத்தன். அத ஒரு புகைக்கூண்டு எண்டுதான் நினைச்சன் றாத்தா."

"ஒரு பார்சல் சோறு சூடாக்க ஒரு ஹீட்டர், ஒரு போர்ட், ரெண்டு இஞ்சினியர்," என்றார் றாஹிலா. "இனி ஒரு மைக்ரோவேவ் வாங்குங்க. அது விரயமில்ல."

அங்கே முடித்திருக்கலாம். றாஹிலா அங்கேதான் முடிக்க நினைத்தார். ஆனால் நூஹுவின் மூளை அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. "அப்ப போன வியாழன்?" என்று கத்தினார். "அண்டைக்கும் மெஷின் பிழைச்சது, பூனையும் வந்தது. அண்டைக்கு உங்களுக்கு நோன்புதானே?"

றாஹிலா கண்ணை மூடிக்கொண்டார். தம்பிமுத்து போத்தல்களைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஒலுவில்ல கொடுவா மீன் பட்டிருந்திச்சு," என்றார் ஹிஷாம் சன்னமான குரலில். "கீழ்க் கடையில கறி ஆக்கினான். மணம் மேல வந்திச்சு. நானும் மனிசன்தானே? நோன்ப விட்டுட்டு ஒரு பார்சல் எடுத்தன். பகல் வரைக்கும் சூடா இரிக்கட்டுமெண்டு... இது ஊட்ட தெரிஞ்சா நான் முடிஞ்சன். நோன்புக் கள்ளனெண்டு மருதமுனை முழுக்க நாறிப் போயிரும்."

மர்ஷூதா மெதுவாக அவர் முன்னால் வந்தாள். அழுத கண் இப்போது காய்ந்திருந்தது.

"சேர், உங்கட ஊட்டு மாமிய நான் ஒவ்வொரு நாளும் பஸ் ஹோல்ட்ல காணுறன். ரெண்டு மாசமா என்ட கைதான் பிழையெண்டு நீங்க ஊட்ட சொல்லி, அவங்க ஊர் முழுக்கச் சொல்லிரிக்காங்க. என்ட உம்மாட காதுக்கும் வந்திச்சு. இண்டைக்கும் மாமி கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நானே சொல்லுறன் மகள். பின்னேரம் போய்..."

"இப்ப சொல்லுங்க சேர். எங்களுக்கும் கேக்கணும்."

ஹிஷாம் ஃபோனை எடுத்தார். முதலில் இரும்புக்காரனுக்கு: லொறி வர வேண்டாம். பிறகு வீட்டுக்கு. எல்லோருக்கும் கேட்கும்படியாக, திங்கட்கிழமை நோன்பைச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னார்: "மர்ஷூதாட கையில ஒரு பிழையுமில்ல. அந்தப் புள்ள கதவச் சரியாத்தான் மூடிரிக்கு. பிழை என்னில. ஓம், என்னில. அத எல்லாருக்கும் சொல்லு." மறுபக்கம் என்னவோ கேட்டது. "என்ன பிழையா? அது... கரண்ட் சம்பந்தமான பிழை. புறகு கதைப்பம்."

மர்ஷூதா திரும்பி மெஷினின் நெற்றியை ஒரு தரம் தடவிவிட்டு, தேங்கிக் கிடந்த எண்ணெய் மாதிரிகளில் முதலாவதை எடுத்தாள்.

றாஹிலாவும் நூஹுவும் படியிறங்கினார்கள். வழக்கை முடித்தது தானே என்ற நடையில் நூஹு முன்னால் போனார். மேலே யன்னலால் மர்ஷூதா எட்டிப் பார்த்தாள். "மாமா! பூனை உங்களுக்குப் பின்னால வருது!" என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு மாதமாக அந்த மாடியில் கேட்காத சிரிப்பு.

"என்னில நல்ல பட்சம்," என்றார் நூஹு, வண்டியை முடுக்கிக்கொண்டு.

"மீன் கறிப் பார்சலையும் விட்டுட்டு உங்களுக்குப் பின்னால வந்த பூனை," என்றார் றாஹிலா, பின் ஆசனத்தில் அமைதியாக ஏறியிருந்து. "டயருக்குக் காத்துப் பார்த்த கைய ஒருக்கா மணந்து பாருங்க. மீன் ரோல்ஸ் எத்தனை?"

நூஹு கையை மணக்கவில்லை. சுன்னத்து நோன்பின் சட்டதிட்டங்களைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

"ஒண்டு," என்றார்.

பூனை வண்டிக்குள் தலையை நீட்டி, "மியாவ்" என்றது.

"சரி, ரெண்டு!"